பார்த்த இடத்தை அக்ரிலிக்கில் வரைவது: குறிப்பேட்டில் தொடங்கி வார்னிஷ் வரை

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மொட்டைமாடியில் நாலைந்து பேர் கூடி வரைகிறோம். எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். புதிதாக வருகிறவர் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வருவார்: கையில் 24 கலர் பெட்டி, போனில் சுற்றுலா போனபோது எடுத்த முந்நூறு போட்டோ. உட்கார்ந்ததும் போனை நீட்டி, "இதுல எதை வரையட்டும்?" என்பார்.

அந்தக் கேள்வியை அந்த இடத்தில் நின்றபோதே கேட்டு முடித்திருக்க வேண்டும். நான் பார்த்தவரை, பிரஷ் கைக்கு வந்த பிறகு கெடுகிற படங்கள் குறைவு. அதற்கு முன்னாலேயே கெட்டுப்போனவைதான் அதிகம். அதனால் இந்த வழிகாட்டியில் பாதி வரை பெயின்ட் டியூபைத் திறக்க மாட்டோம்.

உதாரணத்துக்கு ஒரே காட்சியைக் கடைசிவரை எடுத்துக்கொள்கிறேன். தரங்கம்பாடியில் ராஜ வீதி தொடங்கும் இடத்தில் ஒரு வெள்ளை நகர வாசல் நிற்கிறது. ஜனவரி மாதம், காலை எட்டு மணி. வாசலுக்கு வெளியே, கடல் இருக்கும் திசையைப் பார்த்து நிற்கிறோம்.

1. வாங்க வேண்டியவை

ஆறு அக்ரிலிக் டியூப் (தண்ணீரில் கரைத்துப் பூசுகிற, சீக்கிரம் காய்கிற பெயின்ட்) போதும்: டைட்டானியம் ஒயிட், லெமன் யெல்லோ, யெல்லோ ஓக்கர், கிரிம்சன், அல்ட்ராமரைன் ப்ளூ, பர்ன்ட் சியன்னா. வெள்ளையை மட்டும் பெரிய டியூபாக வாங்குங்கள். மற்ற எல்லாவற்றையும் விட அதுதான் சீக்கிரம் தீரும். கேமல் மாதிரி எந்த ஸ்டேஷனரி கடையிலும் கிடைக்கிற மாணவர் தரமே ஆரம்பத்துக்குச் சரி. ஆனால் ஒரே தரத்தில் ஆறையும் வாங்குங்கள்.

கறுப்பு வாங்காதீர்கள். அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்தால் கறுப்புக்கு மிக அருகில் வந்துவிடும். நீலம் கூடினால் குளிர்ந்த கறுப்பு, சியன்னா கூடினால் சூடான கறுப்பு. கறுப்பு டியூப் கையில் இருந்தால் நிழல் என்றதும் கை அங்கேதான் போகும், படம் முழுக்கக் கரி பூசின மாதிரி ஆகிவிடும். அதே காரணத்துக்காகத்தான் பச்சையும் பட்டியலில் இல்லை. டியூபிலிருந்து வருகிற பச்சை நம் ஊர் தென்னைக்கும் பொருந்தாது, நாற்றங்காலுக்கும் பொருந்தாது.

பிரஷ் மூன்று: ஒரு அங்குல ஃபிளாட் (தட்டை முனை), அரை அங்குல ஃபிளாட், நாலாம் நம்பர் ரவுண்டு (உருண்டு கூரான முனை). செயற்கை இழை போதும். இரண்டு தண்ணீர் டம்ளர், பழைய பனியன் துணி, முடிவெட்டும் கடையில் வைத்திருப்பார்களே, அந்தத் தண்ணீர் ஸ்ப்ரே பாட்டில் ஒன்று. கேன்வாஸ் போர்டு அல்லது 300 ஜி.எஸ்.எம் என்று போட்டிருக்கும் தடிமனான தாள்.

போர்டின் அளவு 9-க்கு 12 அல்லது 12-க்கு 16 அங்குலமாக இருக்கட்டும். போன் கேமரா பொதுவாக எடுப்பது நாலுக்கு மூன்று என்ற விகிதம். இந்த இரண்டு அளவுகளும் அதே விகிதம். 10-க்கு 12 போர்டை வாங்கிவிட்டு, போட்டோவை அதில் திணிக்கப் பார்த்துக் கோபுரத்தைக் குட்டையாக்கினவர்கள் எங்கள் மாடியிலேயே மூன்று பேர்.

2. அந்த இடத்தில்: போனை எடுக்கும் முன் பத்து நிமிஷம்

பயணத்துக்குப் பெயின்ட் கொண்டுபோக வேண்டாம். சட்டைப்பையில் அடங்குகிற நோட்டு, ஒரு 4பி பென்சில், அவ்வளவே.

ஒரு இடம் உங்களை நிறுத்தினால், எது நிறுத்தியது என்று ஒரே வரியில் எழுதுங்கள். "அழகான வாசல்" என்று எழுதினால் எழுதாததற்குச் சமம். என் நோட்டில் இருந்தது இது: "வெள்ளைச் சுவர்தான், ஆனால் தெருவை விட இருட்டாக இருக்கிறது."

கடல் கிழக்கே. வாசல் ஊரின் மேற்கு ஓரத்தில். காலையில் வெளியே நின்று பார்க்கிறவருக்குச் சூரியன் வாசலுக்குப் பின்னால் இருக்கிறது. அதனால் நம்மைப் பார்க்கிற முகப்பு மொத்தமும் நிழல். திறப்பு வழியாகத் தெரிகிற தெருத்துண்டு மட்டும் வெயிலில் மினுங்குகிறது. ஜனவரிச் சூரியன் கொஞ்சம் தெற்கே தள்ளி இருப்பதால், திறப்பின் இடப்பக்க உட்சுவரில் மட்டும் ஒரு பட்டை வெயில் ஏறியிருந்தது. என்னை நிறுத்தியது அந்தப் பட்டைதான், வாசல் இல்லை. இந்த ஒரு வரி எழுதியிருந்தால் பிற்பாடு எதைப் பெரிதாக்குவது, எதை விட்டுவிடுவது என்ற குழப்பம் வராது.

அடுத்து நிறக் குறிப்பு. "முகப்பு: நீலச் சாம்பல், பழைய வேட்டி நிழலில் காய்கிற நிறம். தெரு: மோரில் மஞ்சள் கலந்தது. வானம்: சுவரை விட வெளிச்சம்." கலர் பெயர் தெரியாவிட்டால் இப்படி வீட்டுப் பொருளைச் சொல்லி எழுதுங்கள். போன் இந்த மூன்றில் இரண்டையாவது தப்பாகத்தான் பதிவு செய்யும்.

நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் பத்து மணிக்கு மேல் நாலு மணி வரை வெயில் தலைக்கு மேல் நிற்கும். நிழல் காலடியில் சுருங்கி, எல்லாச் சுவரும் ஒரே தட்டையாகத் தெரியும். நடுப்பகலில் எடுத்த போட்டோவை வைத்து முதல் படம் வரையாதீர்கள். கொஞ்ச நாள் பழகினவருக்கே அது கஷ்டம்.

3. போட்டோ எடுக்கும் முறை

பக்கத்தில் போய் எடுக்காதீர்கள். போனின் சாதாரண லென்ஸ் அகலமாகப் பார்ப்பது. அருகில் நின்றால் முன்னால் இருப்பது ஊதிப்போகும், தூணெல்லாம் மேலே போகப்போக உள்பக்கம் சாயும். இருபது முப்பது அடி பின்னால் போய், இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள்.

ஒரே காட்சியை மூன்று முறை எடுக்க வேண்டும். முதலில் திரையில் வெயில் பகுதியைத் தொட்டு ஒன்று, அதில் தெருவின் நிறம் சரியாக வரும், நிழல் கறுத்துவிடும். அப்புறம் நிழலைத் தொட்டு ஒன்று, சுவரின் விவரம் தெரியும், வானம் வெளுத்துப்போகும். மூன்றாவது சாதாரணமாக. நம் கண் இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்கும். கேமரா ஏதோ ஒன்றை விட்டுக்கொடுக்கும். வரையும்போது மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் நிழலுக்குள் கறுப்பை அப்புகிற தவறு பாதியாகக் குறைகிறது.

ஃபில்டர் போடாதீர்கள். ஏற்கெனவே யாரோ சமைத்ததை எடுத்து மறுபடி சமைப்பது அது.

4. ஊருக்குப் போகாத வாரங்களில்

பயணம் வருஷத்துக்கு இரண்டு முறை வாய்த்தால் அதிகம். மீதி ஐம்பது வாரமும் கை சும்மா இருந்தால், அடுத்த பயணத்திலும் கண் சும்மாதான் இருக்கும். மேலே சொன்ன பத்து நிமிஷத்தை வீட்டிலேயே செய்யலாம்: கொடியில் காய்கிற துணி, டீக்கடை பெஞ்சு, மழை விட்டதும் வாசலில் தேங்கின தண்ணீர்.

நான் எல்லோருக்கும் முதலில் கொடுப்பது எவர்சில்வர் குடம். "சில்வர் கலர் எங்கே?" என்று தேடுவார்கள். குடத்துக்குச் சொந்த நிறமே கிடையாது. எங்கள் சமையலறையில் காலை ஏழு மணிக்கு அதைப் பார்த்தால், ஜன்னல் பக்கம் ஒரு வெள்ளைக் கோடு, அதை ஒட்டியே கறுப்புக்கு அருகிலான ஒரு பட்டை, வயிற்றுப் பகுதியில் பக்கத்து வாளியின் சிவப்பு வளைந்து நீண்டு கிடக்கும், அடியில் மேடைக் கல்லின் பச்சை. சாம்பல் நிறம் எங்குமே இல்லை. தெரிந்ததை வரையாமல் தெரிவதை வரைய வேண்டும் என்று பத்து தடவை சொல்வதை விட, இந்தக் குடத்தின் முன்னால் அரை மணி நேரம் உட்கார வைத்தால் போதும்.

இதைப் பழகினவர் தரங்கம்பாடி போனால் வாசலை வெள்ளை என்று எழுத மாட்டார்.

5. ஒரு வாரத்துக்குள் சிறு வரைவு

ஊர் திரும்பி ஒரு வாரத்துக்குள் இதைச் செய்துவிடுங்கள். குறிப்பு இருந்தாலும் ஞாபகம் மங்கும். மங்கிய பிறகு போட்டோ சொல்வதுதான் சட்டம் ஆகிவிடும்.

தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிதாக மூன்று கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் காட்சியைப் பென்சிலால் மூன்றே டோனில் நிரப்புங்கள்: வெளிச்சம், நடுத்தரம், இருட்டு. வெளிச்சத்துக்குத் தாளை அப்படியே விடலாம். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் விவரம் மறைந்து இந்த மூன்றும் தானாகப் பிரியும். போட்டோவைக் கறுப்பு வெள்ளையாக்கிச் சரிபார்த்துக்கொள்ளலாம். ஆனால் முதலில் கண், அப்புறம் போன்.

வாசல் காட்சியில் வானமும் தெருவும் வெளிச்சம், முகப்பு நடுத்தரம், திறந்திருந்த கதவின் உட்புறமும் மரத்தடியும் இருட்டு. மூன்று கட்டத்தில் ஒன்றில் வாசலை நடுவில் வைத்தேன்; அஞ்சல் தலை மாதிரி இருந்தது. இரண்டாவதில் வலப்பக்கம் தள்ளினேன், வெயில் பட்டை கிட்டத்தட்ட நடுவுக்கு வந்தது. அதையே எடுத்துக்கொண்டேன். போட்டோவில் இருந்த மின்கம்பத்தையும் நிறுத்தியிருந்த இரண்டு பைக்கையும் இங்கேயே நீக்கிவிட்டேன். கேன்வாஸில் போய் நீக்குவது என்றால் ஒரு மணி நேர வேலை, இங்கே ரப்பர்.

புதியவர்கள் தவறாமல் தாண்டிப்போகிற படி இது. நாலாவது மணி நேரத்தில் "ஏதோ சரியில்ல, என்னன்னு தெரியல" என்று வந்து நிற்கிறவரிடம் சிறு வரைவைக் கேட்டால், இருக்காது.

6. போர்டைத் தயார் செய்தல்

கடையில் வாங்குகிற கேன்வாஸ் போர்டில் ஏற்கெனவே பூச்சு இருக்கும். இருந்தாலும் ஒரு கை ஜெஸ்ஸோ (பெயின்ட் பிடிப்பதற்காக அடியில் பூசுகிற வெள்ளைப் பூச்சு) பூசுங்கள். மலிவு போர்டு சில இடத்தில் பெயின்டை உறிஞ்சும், சில இடத்தில் வழுக்கும். தாள் என்றால் இரண்டு கை: முதலாவது குறுக்காக, அது காய்ந்ததும் இரண்டாவது நெடுக்காக. தாளின் நாலு ஓரத்தையும் மாஸ்கிங் டேப்பால் பலகையில் ஒட்டிய பிறகு பூசவும், இல்லையென்றால் அப்பளம் மாதிரி சுருளும்.

ஜெஸ்ஸோ காய்ந்ததும் பர்ன்ட் சியன்னாவைத் தண்ணீரில் கரைத்து மொத்தப் பரப்பிலும் தேய்த்து, துணியால் துடைத்துவிடுங்கள். செம்மண் பூசின திண்ணை மாதிரி லேசாக நிறம் நிற்கும். வெறும் வெள்ளைப் பரப்பில் எந்த நிறமும் தேவைக்கு மேல் இருட்டாகத் தெரியும், கை தானாக வெள்ளையைக் கூட்டும். அதைத் தடுக்கத்தான் இது. பிரஷ் படாத சின்னச் சின்ன இடைவெளியிலும் வெள்ளைப் புள்ளிக்குப் பதில் செம்மை தெரியும்.

7. கோட்டை மாற்றுதல்

போட்டோவை 6-க்கு 8 அங்குலத்தில் அச்செடுங்கள். ஏ4 தாளில் அடங்கும். அதில் இரண்டு அங்குலக் கட்டங்கள், 12-க்கு 16 போர்டில் நாலு அங்குலக் கட்டங்கள். இரண்டிலும் பன்னிரண்டு கட்டம் வரும். காட்சியை இடம் தள்ள முடிவு செய்திருந்தால், அச்செடுக்கும் முன் அதே விகிதத்தில் வெட்டிக்கொள்ளுங்கள்.

அச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் இருக்கிற கோட்டைப் பார்த்து, போர்டின் அதே கட்டத்தில் வரையுங்கள். கட்டத்தையும் கோட்டையும் பென்சிலால் லேசாகப் போடுங்கள். இப்படிக் கட்டம் போட்டு வரைவது ஏமாற்று வேலை என்று ஒருவர் என்னிடம் ஒரு மணி நேரம் வாதாடினார். கோயில் தூண் நேராக நிற்கும் வரை எனக்கு அந்த விவாதத்தில் அக்கறை இல்லை.

8. நிறம் கலத்தல்: அதிக நேரம் இங்கேதான்

முதலில் பேலட், அதாவது நிறம் கலக்கிற தட்டு. பிளாஸ்டிக் ஸ்வீட் டப்பா ஒன்று எடுங்கள். அடியில் நாலு மடிப்பு டிஷ்யூ தாளை நனைத்து விரித்து, மேலே கேக் சுடப் பயன்படுத்துகிற பட்டர் பேப்பர். பெயின்டை அதன் மேல் பிதுக்குங்கள். அடியிலிருக்கும் ஈரம் மெதுவாக ஏறி, பெயின்ட் மணிக்கணக்கில் உலராமல் இருக்கும். மூடி வைத்தால் மறுநாளும் உதவும். வெறும் தட்டில் வைத்தால், சென்னை வெயிலில் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் தோல் கட்டும். முக்கியமாக, சீலிங் ஃபேனை நிறுத்துங்கள். வியர்க்கும், என்ன செய்வது. முடியாவிட்டால் ஃபேன் காற்று நேராகப் படாத மூலையில் உட்காருங்கள்.

இனி அந்தச் சுவரின் நிழல் வெள்ளை. புதியவர் செய்வது: வெள்ளையில் கறுப்பைக் கலந்து சாம்பல். அது சிமென்ட் சுவராகத்தான் வரும். ஏனென்றால் அந்த நிழலுக்கு வெளிச்சம் கொடுப்பது நீல வானம். கறுப்பில் அந்த நீலம் இல்லை.

நான் கலந்தது இப்படி. வெள்ளை ஒரு சுண்டைக்காய் அளவு. அல்ட்ராமரைன் கடுகு அளவு. கலந்து பார்த்தால் குழந்தைகள் பள்ளிச் சுவர் நீலமாக இருக்கும். பயப்பட வேண்டாம். அதில் பர்ன்ட் சியன்னாவை பிரஷ் நுனியில் தொட்டுச் சேர்க்கச் சேர்க்க, நீலம் அடங்கி, அந்தப் பழைய வேட்டி நிறம் வரும். சியன்னா கொஞ்சம் கூடினால் பழுப்பாகிவிடும். அப்போது நீலத்தைத்தான் சேர்க்க வேண்டும். வெள்ளையைச் சேர்த்தால் டோன் போய்விடும்.

எப்போதும் வெளிர் நிறத்தில் அடர் நிறத்தைச் சேருங்கள். நீலக் குவியலை வெள்ளையால் வெளுக்கப் பார்த்தால் டியூப் தீர்ந்தாலும் வெளுக்காது.

வெயில் பட்டைக்கு வெள்ளையில் யெல்லோ ஓக்கரும் லெமன் யெல்லோவும் ஒரு துளி. தனியாகப் பார்த்தால் சாதாரண சந்தன நிறம். நிழல் நீலத்தின் பக்கத்தில் வைத்ததும் பற்றிக்கொள்ளும். பளபளப்பு வேண்டும் என்று மஞ்சளைக் கூட்டாதீர்கள், பக்கத்து நிழலைச் சரியாக வையுங்கள். மரத்துக்கு அல்ட்ராமரைனும் லெமன் யெல்லோவும் கலந்த பச்சை, அதை அடக்க ஒரு துளி சியன்னா.

கலந்ததை உடனே கேன்வாஸில் வைக்காமல், ஒரு தாளில் தீற்றிக் காய வைத்துப் பாருங்கள். அக்ரிலிக் ஈரமாக இருக்கும்போது அதிலுள்ள பிசின் பால் மாதிரி வெளுத்திருக்கும். காய்ந்ததும் அது தெளிந்து, நிறம் ஒரு படி அடர்த்தியாகும். "நேத்து சரியா இருந்துச்சு, இன்னைக்கு இருண்டுபோச்சு" என்ற புலம்பலுக்குக் காரணம் இதுதான். முக்கிய நிறங்கள் நாலைந்தையும் போதுமான அளவு கலந்து, மூடியுள்ள சின்ன டப்பாக்களில் வைத்துவிட்டுத் தொடங்குங்கள். நடுவில் தீர்ந்தால் அதே நிறத்தை மறுபடி கொண்டுவருவது பெரும்பாடு.

9. பூசும் வரிசை

அ. பெரிய பரப்புகள். ஒரு அங்குல பிரஷ் மட்டும். வானம், முகப்பு, தரை, மரம்: நாலு தட்டையான திட்டுகள். முழு போர்டும் மூடும் வரை எதையும் மெருகேற்றாதீர்கள். ஒரு மூலையை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகிறவர், பக்கத்து நிறம் வந்ததும் முடித்ததைத் திருத்த வேண்டியிருக்கும். நிறம் எப்போதும் பக்கத்து நிறத்தைப் பொறுத்தது.

ஆ. இருட்டு. கதவின் உட்புறம், மரத்தடி. அக்ரிலிக்கில் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குப் போவது சுலபம், மேல் அடுக்கு கீழ் அடுக்கை மூடிவிடும். வாட்டர்கலர் பழகினவர்களுக்கு இது தலைகீழ், ஆரம்பத்தில் கை தடுமாறும்.

இ. நிழலுக்குள் வேறுபாடு. முகப்பு ஒரே நீலச் சாம்பல் இல்லை. மேலே வானத்துக்கு அருகில் நீலம் கூடும், கீழே மழைக்கறை படிந்த இடத்தில் ஓக்கர் எட்டிப் பார்க்கும். அரை அங்குல பிரஷ். வேறுபாடு மெலிதாகவே இருக்கட்டும். நிழல் மொத்தமும் சிறு வரைவில் இருந்த அதே நடுத்தர டோனுக்குள் அடங்க வேண்டும்.

ஈ. வெயில் பட்டை. கெட்டியாக, ஒரே இழுப்பில், திரும்பத் தடவாமல். பாதி காய்ந்த அக்ரிலிக்கை மறுபடி தேய்த்தால் கீழடுக்கு உரிந்து மேலே வரும். தப்பாகிவிட்டால் கையை எடுத்துவிட்டு, இருபது நிமிஷம் டீ குடித்துவிட்டு வந்து மேலே பூசுங்கள். அக்ரிலிக்கின் பெரிய சலுகை அதுதான், ஆனால் காய விட்டவருக்கு மட்டும்.

உ. கடைசியாக ரவுண்டு பிரஷ்: கார்னிஸ் (சுவரின் மேல் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிற விளிம்பு) கோடு, ஒரு சைக்கிள், ஒரு ஆள். ஆளுக்குக் கண் மூக்கு வேண்டாம். தலை சின்னதாக இருக்கட்டும். தலையைப் பெரிதாகப் போட்டால் எவ்வளவு தூரத்தில் நின்றாலும் குழந்தையாகத் தெரிவார்.

தண்ணீர் விஷயம் ஒன்று. பெயின்டில் தண்ணீரை மிக அதிகமாக ஊற்றிக் கரைத்து ஜெஸ்ஸோ மேல் அடுக்கடுக்காகப் பூசினால், பிசின் நீர்த்துப்போய் பிடிப்பு குறையலாம். அடுத்த அடுக்கு பூசும்போது முந்தையது கரைந்து வரலாம். அடித்தள நிறத்துக்கு மட்டும் அப்படிக் கரைக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். மெல்லிய அடுக்கு வேண்டுமென்றால் அக்ரிலிக் மீடியம் (நிறம் கலக்காத அக்ரிலிக் பிசின்) சேருங்கள்.

10. பிரஷ்ஷும் தண்ணீரும்

பிரஷ்ஷைத் தண்ணீரில் நிறுத்தி வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்: நுனி வளையும், கைப்பிடி ஊறிப் பூச்சு உதிரும். வெளியே காய விட்டால் இன்னும் மோசம், காய்ந்த அக்ரிலிக் தண்ணீரில் கரையாது. பயன்படுத்தாத பிரஷ்ஷைக் கழுவி ஈரத் துணியில் சுற்றிப் படுக்க வையுங்கள். முடிந்ததும் குளியல் சோப்பில், உலோக வளையத்தின் ஓரம் வரை விரலால் பிதுக்கிக் கழுவ வேண்டும். நான் இதைத் தெரிந்துகொள்வதற்குள் ஏழு பிரஷ் போய்விட்டது.

கழுவின தண்ணீரைச் சிங்க்கில் கொட்டாதீர்கள். ஒரு வாளியில் இரவு முழுக்க விட்டால் பெயின்டில் ஒரு பகுதி அடியில் படியும். மேல் நீரை மட்டும் மெதுவாக வடித்துவிட்டு, படிந்ததைப் பழைய செய்தித்தாளில் வழித்துக் காய வைத்துக் குப்பையில் போடுங்கள்.

11. எப்போது நிறுத்துவது, எப்படி வைப்பது

நோட்டில் எழுதின அந்த ஒரு வரியை எடுத்துப் படியுங்கள். படம் அதைச் சொல்கிறதா? சொன்னால் நிறுத்துங்கள். என் படத்தில் கூரை ஓடுகள் அரைகுறைதான், மரம் வெறும் திட்டு. சுவர் தெருவை விட இருட்டாக இருக்கிறது, பட்டை எரிகிறது. சந்தேகமாக இருந்தால் படத்தைத் தலைகீழாகச் சாய்த்து வைத்து ஒரு நாள் கண்ணில் படட்டும். உறுத்துகிற இடம் தானாகத் தெரியும்.

வார்னிஷ் குறைந்தது இரண்டு வாரம் கழித்து. மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும், கெட்டியாகப் பூசின இடத்தில் உள்ளே ஈரம் இருக்கும். மழைநாளில் பூச வேண்டாம், வெளுப்பு படரலாம்.

முடித்த படங்களை ஒன்றன் மேல் ஒன்றாக முகம் பார்க்க அடுக்காதீர்கள். அக்ரிலிக் படலம் சூட்டில் இளகும். ஒரு மே மாதம் பீரோ மேல் அடுக்கி வைத்திருந்த இரண்டு படத்தைப் பிரித்தபோது, ஒன்றின் வானம் இன்னொன்றோடு வந்துவிட்டது. பபிள் ரேப்பை நேராகச் சுற்றினாலும் வட்ட வட்டமாகத் தடம் பதியும். இடையில் பட்டர் பேப்பர் வைத்து, நிற்க வைத்த நிலையில் வையுங்கள்.

உள்ளே வைக்கும் முன் போர்டைத் திருப்பி, பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள்: இடம், தேதி, நேரம், நோட்டில் இருந்த அந்த வரி, முக்கிய நிறங்களின் கலவை. நிழல் வெள்ளைக்கு எத்தனை பங்கு நீலம் என்று இப்போது மறக்காது என்றுதான் தோன்றும். அடுத்த சுண்ணாம்புச் சுவர் வரும்போது அதைத்தான் முதலில் தேடுவீர்கள்.